துணைக்கு வந்தவர்

பரிசோதனைக்கு முதல் நாளே அவள் தனியாக வந்து நர்ஸிடம் கிசுகிசுத்தாள்.

"எங்கப்பா நாற்பத்திரண்டு வயசுல, ஆபீஸ் நாற்காலியில உட்கார்ந்தபடியே போயிட்டார். பரம்பரை இதயக் கோளாறாம். ரத்த சொந்தம் எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கணும்னாங்க. சித்தப்பா மட்டும் மாட்டவே மாட்டேங்கறார். எனக்குத்தான் டெஸ்ட், துணைக்கு வாங்கன்னு பொய் சொல்லி நாளைக்குக் கூட்டிட்டு வரேன். எப்படியாவது அவரை உள்ளே தள்ளிடுங்க."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன அவசரம்? இருபத்தாறு வயசுதான். தினமும் ஓடறேன். அம்மாதான் சும்மா நச்சரிக்கறா."

நர்ஸ் ஒரு நொடி அவளையே பார்த்தாள். "சரி, கூட்டிட்டு வாங்க."

மறுநாள் இருவரும் வந்தார்கள். துணைக்கு வந்தவரும் டெஸ்ட் செய்துகொள்ள வேண்டும், அதுதான் இங்கே ரூல் என்றாள் நர்ஸ். சித்தப்பா முனகிக்கொண்டே உள்ளே போனார். கால் மணி நேரத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்து அவள் உள்ளே போனாள்.

"ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர். மனுஷனுக்குச் சந்தேகமே வரலை. நானும் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போயிடறேன்."

"படுங்க." நர்ஸ் கதவைச் சாத்தினாள். "அவர் இங்கே உட்கார்ந்து பேப்பர்தான் படிச்சார்."

"அப்போ டெஸ்ட்?"

"போன மாசமே இங்கே எடுத்தாச்சு. அவருக்கும் அதே கோளாறுதான், மாத்திரை சாப்பிடறார். 'நான் வரமாட்டேன்னு அடம்பிடிச்சாத்தான் அண்ணன் பொண்ணு என்னை ஏமாத்தறதுக்காவது இங்கே வருவா. வந்தா விட்டுடாதீங்க'ன்னு அன்னிக்கே சொல்லிட்டுப் போனார்."

கதவுக்கு வெளியே சித்தப்பாவின் குரல் கேட்டது.

"சிஸ்டர், படுத்துட்டாளா?"