உளுந்தங்களி

மாரிச்செல்விக்கு மூன்று வருடமாக நின்றுபோயிருந்த தீட்டு அன்று காலையில் வந்துவிட்டது. அவள் அம்மா பேச்சித்தாய் கல்லுடைக்கப் போகாமல் உளுந்தங்களி கிண்டினாள். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் எட்டிப் பார்த்து, “என்ன மைனி, இருபத்தோரு வயசுல மகளுக்கு மறுபடியும் சடங்கா?” என்று சீண்டினாள். “ஆமாட்டி, மாமன்மாருக்கு ஆள் அனுப்பப்போறேன், மாப்பிள்ள பாக்கச் சொல்லி.” மாரிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில், அம்மா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் டாக்டரம்மா அவளிடம் சொல்லியிருந்தாள். “சின்ன வயசுல ரத்தப் புத்துநோய்க்கு ஏத்துன மருந்துல உன் சினைப்பை கருகிப்போச்சும்மா. இந்த மாத்திரையால மாசாமாசம் ரத்தம் வரும், எலும்பு தேயாது. ஆனா முட்டை திரும்ப உண்டாகாது. மாத்திரைய மட்டும் நிறுத்திராத.”

“அதான் வந்திருச்சுல்ல, இனி எதுக்கு இந்த எழவு?” பேச்சித்தாய் மீதி மாத்திரை அட்டையை அடுப்பில் போட்டாள். அது சுருண்டு எரிந்தது. “யம்மா” என்று மாரிச்செல்வி வாயைத் திறந்தாள். நல்லெண்ணெய் வழிந்த உருண்டையொன்றைக் காய்ப்பேறிய விரல்களால் அந்த வாய்க்குள் வைத்து, “பேசாம முழுங்கு” என்றாள் அம்மா. களி தொண்டையில் ஒட்டிக்கொண்டது. அதற்குள் அம்மா அடுத்த உருண்டையை உருட்டத் தொடங்கியிருந்தாள்.