வெட்டக்கூடாத இரண்டு நிமிடம்

சமையலறை மேசையில் கிடக்கும் ஹெஸ்டரின் தலைக்கவசத்திலிருந்து இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மாலை மழை சொட்டிக்கொண்டிருக்கிறது. அதில் மாட்டியிருந்த கேமராவின் பதிவு மடிக்கணினியில் ஓடுகிறது. வெள்ளை வேன் ஒன்று அவளுடைய சைக்கிளை ஒட்டிச் சீறிக் கடக்க, அதன் பக்கக் கண்ணாடி அவள் முழங்கையைத் தட்டுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் கணவன் கோலின் தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கிறான். “இவனைச் சும்மா விடக்கூடாது, ஹெஸ். போலீசுக்கு அனுப்பிடு.” “அவன் இடிச்சதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம், பின்னாடி ரெண்டு நிமிஷம், வெட்டாம கேக்கறாங்க போலீஸ்ல. கேஸ் கோர்ட்டுக்குப் போனா அந்த டிரைவரும் இதைப் பார்ப்பான். கடைசில என்ன வருதுன்னு பாரு” என்கிறாள் ஹெஸ்டர். திரையில் அவர்கள் தெரு வருகிறது, அவர்களுடைய நீலக் கதவு வருகிறது, இடுப்பில் குழந்தையோடு கோலின் கையசைக்கிறான். “ஐயோ, அந்தக் கிழிஞ்ச பைஜாமாவோடயா நின்னேன்?” என்று சிரிக்கப் பார்க்கிறான், சிரிப்பு வரவில்லை. “வீடு தெரிஞ்சிடுமே, கோலின்.” மாடியில் குழந்தை தூக்கத்தில் சிணுங்குகிறது. ஹெஸ்டர் காட்சியை நிறுத்திப் பெரிதாக்குகிறாள். முன்னறை ஜன்னல் கண்ணாடியில் அவளுடைய மஞ்சள் சட்டை பிரதிபலித்துத் தெரிகிறது. அதற்குப் பின்னால், தெருமுனையில், விளக்குகள் எரிய அந்த வெள்ளை வேன் அசையாமல் நிற்கிறது. “அவனுக்கு வீடு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு” என்கிறாள். கோலின் மெல்லப் போய் முன்கதவைத் தாழிடுகிறான். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகு, ஹெஸ்டர் ‘அனுப்பு’ என்பதை அழுத்துகிறாள்.