குழாய்க்காரர் விரல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஒரே ஒரு விரல் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

நாற்பது வருஷம் வீடு வீடாகக் குழாய் வேலை பார்த்தவர் அவர். வாதம் வந்து வாய் போயிற்று, கை கால் போயிற்று. வலது ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம்.

சிறுநீர் தானாகப் பிரியாது. அதற்கொரு டியூப், டியூப் நுனியில் ஒரு பை. பை கட்டிலுக்குக் கீழே கொக்கியில் தொங்கும். ஏழு மாதமாக எல்லாம் பார்ப்பது மகள்.

அன்றைக்கு அவள் அப்பாவுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, புதுப் பை வாங்கப் போனாள். காவலுக்கு மூத்த மகன். ஏழு மாதத்தில் முதல் முறை. அதுவும் அவனுடைய மேலதிகாரி நலம் விசாரிக்க வருகிறார் என்பதால்.

அறைக்குள் வந்தவன் கண்ணில் முதலில் பட்டது அப்பா இல்லை, பை.

“சீ, வர்றவர் கண்ணுல இதுவா படணும்?”

தூக்கினான். ஜன்னல் கம்பியில், உயரத்தில், திரைக்குப் பின்னால் மாட்டினான். மானம் பிழைத்தது.

ஒரு மணி நேரம் போனது. குழாய்க்காரரின் அடிவயிறு கல்லாக இறுகியது. இறங்கவேண்டியது இறங்கவில்லை. நெற்றியில் வேர்வை மட்டும் தாராளமாக இறங்கியது.

விரலைக் கீழே காட்டினார். கீழே. கீழேடா!

வாய் மட்டும் இருந்திருந்தால் சுவர் அதிர்ந்திருக்கும்.

கூட வந்திருந்த மருமகளுக்கு மூளை சட்டென்று வேலை செய்தது.

“ஏங்க, கட்டிலுக்கு அடியில ஏதோ வச்சிருக்காரு. வீட்டுப் பத்திரமா இருக்கும்!”

இருவரும் மண்டி போட்டார்கள். அவர் முன்னால் அவர்கள் அப்படிக் குனிந்து அவர் பார்த்ததே இல்லை.

தகரப் பெட்டி வந்தது. உள்ளே ரெஞ்சு, ஸ்பானர், நாலு வாஷர்.

விரல் இன்னும் கீழேயே காட்டியது.

“அப்போ தரைக்குள்ளதான்” என்றான் மகன். அந்த ரெஞ்சையே எடுத்து, தரை எங்கே உள்ளே காலியாக ஒலிக்கிறது என்று தட்டிப் பார்த்தான்.

அப்போதுதான் மகள் வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கொடி மாதிரி ஜன்னலுக்கு ஏறியிருந்த டியூப்பைப் பார்த்தாள். ஓடிப்போய்ப் பையைக் கழற்றிக் கட்டிலடிக் கொக்கியில் மாட்டினாள்.

சலசலவென்று இறங்கியது. குழாய்க்காரர் கண்ணை மூடினார். விரல் படுத்துக்கொண்டது.

“ஏண்ணா, தண்ணி எங்கயாவது மேல ஏறுமா?”

அண்ணன் ரெஞ்சும் கையுமாகத் தரையில் இருந்தான்.

வாசல் மணி அடித்தது. மேலதிகாரி பழக்கூடையோடு உள்ளே வந்து கைகூப்பினார்.

“ஐயா, நீங்க குடுத்து வச்சவர். உங்க பையன் போடற பிளான்லதான் ஊரு முழுக்கக் குடிதண்ணி ஓடுது. எங்க இலாகாவுக்கே தலைமை இன்ஜினியர்!”

குழாய்க்காரர் விரலை மெல்ல மடக்கிக்கொண்டார்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் படிப்பு எவ்வளவு வேண்டுமானாலும் ஏறட்டும். எது கீழே இருக்கவேண்டும் என்று தெரிந்த பிள்ளை ஒன்றாவது இருக்கட்டும்.