விதவை வீட்டுப் புகை

பிள்ளைகளா, நான் சமையல் செய்த ஆல்டர்கோட் மாளிகையில் எஜமான் இறந்தால் எல்லாம் மகனுக்குப் போகும். விதவை தோட்டக்கோடியிலுள்ள சின்ன வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

பெரியவரைப் புதைத்துவிட்டு வந்ததுமே மருமகள் இசபெல் ஆரம்பித்தாள்.

"என்ன அத்தை, இன்னும் கிளம்பலையா? உங்க நாய் வாடை போக ஜன்னலெல்லாம் திறக்கணும்."

"போறேன்மா. அந்தச் சின்ன வீட்டுல ரெண்டு புகைபோக்கியிலயும் புகை வருதே, யாரு கணப்பு மூட்டினது?" என்றார் பெரிய எஜமானி.

யாரும் மூட்டவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். ஓர் அறையில் எஜமானிக்குப் படுக்கை விரித்திருந்தது. அடுத்த அறையிலும் படுக்கை. கணப்புக்கு முன்னால் இசபெல்லின் ரோஜாநிற வீட்டுச் செருப்புகள் சூடாகிக்கொண்டிருந்தன.

"வாடியம்மா, வா!" என்று எஜமானி வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டுக்கு விதவையாகத்தானே வர முடியும்; மகனின் நினைவு வந்த பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.