டிரிப் ஷீட்டின் பின்பக்கம்

நன்றாகச் சுழன்றுகொண்டிருக்கிற ஹார்ட் டிஸ்க்கை, 'அப்படி ஒன்று இங்கே இல்லவே இல்லை' என்று கம்ப்யூட்டர் சாதித்தால் நீங்கள் எதைச் சந்தேகப்படுவீர்கள்?

மெக்கானிக் பேட்டரியைச் சந்தேகப்பட்டார். போர்டில் காசு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பேட்டரி. கரண்ட் இல்லாத நேரத்திலும் கம்ப்யூட்டரின் செட்டிங்கை ஞாபகம் வைத்திருப்பது அதுதான்.

"இதுக்கு மறதி வியாதி வந்துடுச்சு அண்ணே. நேத்து மாத்தி வெச்சத இன்னிக்கு மறந்துட்டு முழிக்குது."

பக்கத்து ஸ்டூலில் இருந்த பஸ் டிரைவர் தலையை மட்டும் ஆட்டினார். டூட்டி முடிந்து வந்தவர் காக்கிச் சட்டையை இன்னும் மாற்றவில்லை.

முந்தின நாள், சனிக்கிழமை, கம்ப்யூட்டரை முதலில் போட்டபோது ஹெல்மெட்டைக் கையில் பிடித்துச் சிரிக்கும் ஓர் இளைஞனின் படம் வந்தது. கீழே பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டம். டிரைவரின் மகன். அவன் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது.

அவன் தங்கைக்குச் செவ்வாய்க்கிழமை வகுப்பு ஆரம்பம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். புதிது வாங்க வழியில்லை. அண்ணனுடையதுதான் சும்மா கிடந்தது.

உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்துத் தரட்டுமா என்று மெக்கானிக் கேட்டார். அம்மா அறைக்குள் வரவில்லை. நிலைப்படியிலேயே நின்றாள். வீட்டிலிருந்த மகனின் போட்டோக்களையெல்லாம் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டவள் அவள். சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன.

"வேணாம் தம்பி. அழிச்சுடுங்க. பாக்கப் பாக்க எனக்குத் தாங்கல."

டிரைவர் திரையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லினக்ஸ் போடப் போனால் டிஸ்க்கைக் காணோம் என்றது. மெக்கானிக் கேபிளைக் கழற்றி மாட்டினார், வேறு பென் டிரைவ் போட்டுப் பார்த்தார். மூன்று மணி நேரம் போனது. கடைசியில் அதே தொழிலில் இருக்கும் நண்பருக்குப் போன் செய்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் கன்ட்ரோலர் என்று ஒன்று உண்டு. மகன் அதை 'ரெய்டு' முறையில் வைத்திருந்தான். லினக்ஸுக்கு அது புரியாத பாஷை. செட்டிங்கில் அந்த ஒரே ஒரு வரியை மாற்றியதும் டிஸ்க் தெரிந்தது.

"அவ்வளவுதான். இந்த வரி இப்படி இருந்தா, பாஸ்வேர்டு கேக்கற அந்தப் பழைய ஸ்கிரீன் இனிமே வராது அண்ணே."

கை வேலை செய்யும்போது வாயும் வேலை செய்யும் ரகம் மெக்கானிக். "எஃப் டூ... வலது மூணு... கீழ ரெண்டு..." என்று சொல்லிச் சொல்லித்தான் அமுக்குவார். டிரைவர் அதையெல்லாம் ஒரு டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என் பொழப்புக்கே வேட்டு வெச்சுடுவீங்க போலிருக்கே."

"ரூட்டு தெரிஞ்சிருந்தா நல்லதுதானே தம்பி. போன வழியிலயே திரும்பி வந்துடலாம்."

அதற்குள் இருட்டிவிட்டது. மீதி நாளைக்கு என்று கிளம்பிப் போனவர், ஞாயிறு மதியம் வந்து பார்த்தால் அந்த வரி பழையபடி ரெய்டில் நின்றது. அப்போதுதான் பேட்டரி மேல் சந்தேகம் விழுந்தது.

அதைக் கழற்றுவதற்கு முன் செட்டிங் திரையில் மணி பார்த்தார். மூன்று இருபது. கையில் கட்டியிருந்த வாட்சிலும் மூன்று இருபது. பேட்டரி போனால் முதலில் குழம்புவது மணிதான். இது எப்படிச் சரியாக இருக்கிறது என்று ஒரு நொடி யோசித்தார். பிறகு புதுப் பேட்டரியைப் போட்டு, அந்த வரியை மறுபடி மாற்றி, ஒரு ராத்திரி விட்டுப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கள் மதியம் வந்தார். ரெய்டு.

இதற்கு மேல் காரணம் தேட அவருக்குப் பொறுமை இல்லை. விடிந்தால் அந்தப் பெண்ணுக்கு வகுப்பு. வரியை மாற்றினார், உடனே லினக்ஸ் போட ஆரம்பித்தார். டிஸ்க் முழுவதையும் அழிக்கலாமா என்று திரை கேட்டது.

அழிக்கிற பட்டனை மட்டும் அவர் எந்த வீட்டிலும் அமுக்கியதில்லை. வீட்டுக்காரர்தான் அமுக்க வேண்டும். பின்னால் யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. எழுந்து நாற்காலியை டிரைவருக்குக் கொடுத்தார்.

"பழசு எல்லாம் போயிடும். இனிமே வராது. பரவால்லையா அண்ணே?"

டிரைவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் சிரித்து மெக்கானிக் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"சனிக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க தம்பி" என்றபடி அமுக்கினார்.

ஒரு மணி நேரத்தில் லினக்ஸ் வந்துவிட்டது. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா முதல் தடவையாக அறைக்குள் வந்து மேசையைத் துடைத்தாள்.

மறுநாள் காலை டிரைவர் ஓட்ட வேண்டிய முதல் டிரிப் பஸ் கிளம்பவில்லை. ஐந்தே முக்காலுக்கு மெக்கானிக்குப் போன் வந்தது. டிரைவரின் மகள்தான்.

"அங்கிள், அப்பா அந்தப் பேப்பரப் பாத்துப் பாத்து செட்டிங்க நாலு தடவ மாத்திட்டாரு. ரெண்டு நாளா காலைல மாத்தினதும் வந்த அண்ணன் மூஞ்சி இன்னிக்கு ஏன் வரலன்னு கேக்கறாரு."