கட்டியில்லாத கூழ்

எலக்ட்ரான் நுண்ணோக்கி எடுத்த படம் திரையில் சாம்பல் வெளிச்சமாய் நிற்கிறது. அதில் கூழாங்கற்களைப் போலக் குவிந்திருக்கும் கட்டிகளைக் கம்பெனிக்காரர் பேனா முனையால் தட்டுகிறார். "இது எங்க கூழ்ல இருக்கறது இல்லம்மா. சாம்பிளக் காய வைக்கற பெரிய மெஷின் வாங்காம நீங்களே ஆல்கஹால்ல ஊற வச்சுக் காய வச்சீங்கள்ல, அதுல வந்த சுருக்கம்." ஆராய்ச்சிக்காரிக்குக் காது மடல் கொதிக்கிறது. விழுங்க முடியாதவர்களுக்கென்றே விற்கிற இந்தக் கூழில்தான் போன வாரம் அவள் அப்பாவுக்குப் புரையேறி, கண் செருகி, போன உயிர் திரும்பி வந்தது. "இதையும் அதே மாதிரிதான் சார் காய வச்சேன்," என்று பக்கத்துப் படத்தைக் காட்டுகிறாள். அவள் வீட்டில் மசித்த கூழ் அதில் வழவழவென்று விரிந்து கிடக்கிறது. "இது மட்டும் ஏன் சுருங்கல?" அவர் பேனாவை மூடுகிறார். "ஒரு படத்த வச்சு முடிவு பண்ணக் கூடாதும்மா." அவள் கம்பெனி டப்பா ஒன்றின் மூடியைச் சர்ரென்று கிழிக்கிறாள், ஒரு கரண்டி வழிய வழிய அள்ளி அவர் வாய்க்கு நேரே நீட்டுகிறாள். வெள்ளைக் கூழ் அவர் காகிதங்களின்மேல் சொட்டுகிறது. "மெல்லாம முழுங்குங்க சார். எங்கப்பாவால மெல்ல முடியாது." அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறார். "நான் இப்பத்தான் சாப்பிட்டேன்." நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.