மச்சானின் சாவி

மனுசப் பயல்களின் விண்கலம் எங்கள் கிரகத்தில் இறங்கிய பிறகுதான், பரம்பரைப் பகையாளிகளான மேற்கரையும் கீழ்க்கரையும் கைகோத்தோம். ஆளுக்கு நான்கு கை வேறு.

சமாதானம் என்றால் ஊர்வாசல் சாவியை மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். மேற்கரைக் காவலனான நான் எங்கள் சாவியைக் கொடுத்து, அவர்களுடையதை வாங்கினேன்.

"பத்திரம் மச்சான்!" என்றான் கீழ்க்கரைக் காவலன், என்றுமில்லாத பாசத்தோடு.

"உசுரே போனாலும் கொடுக்க மாட்டேன் மச்சான்."

மறுநாள் மதியம் மனுசங்க கூடாரத்துக்குப் பதுங்கிப் போனேன். கீழ்க்கரைச் சாவியைத் தளபதியின் மேசையில் வைத்தேன்.

"அவங்களை என்ன வேணா பண்ணிக்குங்க. எங்க பக்கம் மட்டும் தலைவெச்சுப் படுக்காதீங்க. புள்ளகுட்டிக்காரன் நான்."

தளபதி சிரித்தபடி இழுப்பறையைத் திறந்தான். உள்ளே எங்கள் சாவி கிடந்தது.

"காலையில உங்க மச்சான் வந்தாரு. சொல்லிவெச்ச மாதிரி அவரும் இதையேதான் கேட்டாரு."